கொடும்பாளூர் வழியாகக் கடலுக்கு

புயல் அடித்த மூன்றாம் நாள் காலை, அடுத்த வீட்டுப் பெண் என் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். பொக்லைன் ஓட்டக் கடலோரம் போயிருந்த அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன.

"அண்ணே, நேத்துக் குடுத்த சேதி போச்சா?"

போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "போயிக்கிட்டே இருக்கும்மா" என்றேன்.

என்னிடம் இருப்பது அமெச்சூர் ரேடியோ. கணினியில் தட்டுகிற செய்தி, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு என்று ரேடியோவிலேயே தாவிப் போகும். எந்த ஊருக்கு எது வழி என்ற பட்டியலை நிலையங்கள் மணிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். எங்கள் ஊர் அரிமளத்திலிருந்து கடலோர நிலையத்துக்கு அறந்தாங்கி வழியாகப் போக வேண்டும். என் பட்டியலிலோ கொடும்பாளூர் என்று இருந்தது. கிழக்கே போகிறவனை மேற்கே போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்ட கதை. அழித்தேன். அடுத்த மணிக்கு அதே வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நான்கு முறை இப்படி.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். மைக்கை எடுத்து, எல்லோரும் கேட்கிற அலைவரிசையில் கொடும்பாளூர் நண்பரை விளாசினேன். "ஒங்க ஸ்டேஷன் குப்பையைக் கொட்டுதுங்க. மொதல்ல அதச் சரி பண்ணுங்க."

அவர் நிதானம் இழக்கவில்லை. "நானும் அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேங்க. என் லிஸ்ட்ல ஒங்க வழியாப் போகச் சொல்லுது. நீங்க அழிச்சா நான் குடுத்துடுறேன், நான் அழிச்சா நீங்க குடுத்துடுறீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஸ்டேஷன நிறுத்திட்டு அழிப்போம்."

அப்படியே செய்தோம். திரும்பப் போட்டதும் அறந்தாங்கி வழி தானாக வந்து சேர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் புது ஆண்டெனாவைச் சோதிக்க அந்த வரியை நானேதான் கையால் போட்டேன். இருப்பதிலேயே நல்ல வழி என்று மதிப்பும் கொடுத்து, அழிக்க மறந்துவிட்டேன். வெட்கமாகப் போயிற்று. அதே அலைவரிசையில் மன்னிப்புக் கேட்டேன்.

பத்து நிமிடத்தில் கடலோரத்திலிருந்து, அந்தப் பெண்ணின் கணவர் அனுப்பிய செய்தி வந்தது. "நல்லா இருக்கேன். பயப்படாதே." அனுப்பிய தேதி முந்தாநாள். அந்த நிலையம் இரண்டு நாளாக என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பதில் கிடைத்தால்தான் அது செய்தியைத் தரும்; என் நிலையத்தின் பதிலோ கொடும்பாளூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

தேதியை விட்டுவிட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தேதியோடு எழுதித்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் படித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

"முந்தாநாளே அனுப்பிட்டாகளா?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான். என் ஸ்டேஷனாலதான் வராமக் கெடந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ரெண்டு நாளா நான் சோறு திங்கலண்ணே" என்றார்.