உம்மு குல்தூம் ஓட்டை போடவில்லை

மாத்தளையில் சைக்கிள் திருத்துகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சங்கிலி அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. சிங்கள ஆட்கள் அவளை ‘பாஸ் நோனா’, அதாவது மேஸ்திரி அம்மா, என்பார்கள். மற்றவர்களுக்கு அவள் உம்மு குல்தூம். வாய் கொஞ்சம் பெரிது. கை அதைவிடப் பெரிது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஸ்பேனரின் அளவு கூடத் தெரியாது. கடை அவள் புருஷன் ஷிஃபானுடையது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். கடைக்குள் திருத்தாத சைக்கிள்கள் பத்தொன்பது கிடந்தன. உம்மு குல்தூம் புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன் வரக்கூடாது. மௌத்து வீடு என்றும் பாராமல் சைக்கிள்காரர்கள் வந்து ஷட்டரைத் தட்டினார்கள். தட்டத்தானே செய்வார்கள், அவர்களுக்கும் வேலைக்குப் போக வேண்டுமே.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு கதவு. வீட்டுக்குள் இருக்கத்தான் சொன்னார்கள், கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு சைக்கிளாகக் குசினிக்குள் இழுத்துவந்து கழற்றினாள். முதல் சைக்கிளைப் பூட்டி முடித்தபோது இரண்டு சாமான் மிச்சம் கிடந்தது. மறுபடி கழற்றினாள். ஐந்தாவது சைக்கிளில் மிச்சம் ஒன்றும் வரவில்லை. இத்தா முடிந்த அன்று ஷட்டரைத் தூக்கினால் பத்தொன்பது சைக்கிளும் ஹேண்டிலில் துண்டுச் சீட்டுக் கட்டி வரிசையாக நின்றன. பேசுகிறவர்கள் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை, கையில் கிரீஸ்.

இந்த வருஷம் கிருஷாந்தினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நீர்ப்பாசன அலுவலகத்தில் எஞ்சினியர். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் கதவில் வலது கை நசுங்கிப்போனது. விரல்கள் மூடித் திறக்கும், பிரேக் பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளத்தான் பலமில்லை. அவளுடைய ரேஸ் சைக்கிளில் கியர் மாற்றுவதோ ஹேண்டிலில் இருக்கும் லீவரைப் பக்கவாட்டில் தள்ளித்தான். போன வருஷம் ரிவர்ஸ்டன் மலை ஏறும் சைக்கிள் ஓட்டத்தில் பாரக் கியரிலேயே மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க இறங்கித் தள்ளினாள். இந்த வருஷ ஓட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

சுவிஸில் இருக்கும் அவள் அண்ணன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே கரண்ட் கியர். சின்னப் பொத்தானை அமுக்கினால் போதும், பின்சக்கரத்தருகே இருக்கும் குட்டி மோட்டார் சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும். ஆனால் அதற்கு வயர் ஓட வேண்டும், பெட்டரி வேண்டும். இதெல்லாம் ஃப்ரேமின் குழாய்க்குள்ளே மறைந்து போகிற மாதிரிச் செய்தது. கிருஷாந்தினியின் சைக்கிளோ அண்ணன் பழைய காலத்தில் ஓடிய இரும்பு ஃப்ரேம். வயர் நுழைய அதில் ஓர் ஓட்டையும் இல்லை.

“அக்கா, கண்டியில ரெண்டு கடையிலயும் கேட்டனான். குழாயில ஓட்டை போடோணும் எண்டு சொல்லிப்போட்டினம்.”

உம்மு குல்தூம் குழாயை நகத்தால் சுண்டினாள். மெல்லிய சத்தம்.

“ஓட்டை போடுவாங்களா? இந்த இரும்பு டின்பால் டப்பா மாதிரி மெலிசு புள்ள. ட்ரில் பட்ட எடத்துல வெடிப்பு ஓடும். எறக்கத்துல வேகமா வரக்கொள்ள ரெண்டாப் போனா, அவங்களா வந்து ஒன்னத் தூக்குவாங்க?”

“அப்ப ஏலாதோ?”

“ஏலாதுன்னு நான் சொன்னேனா? வயர் உள்ளுக்குத்தான் போகணும்னு யாரு சட்டம் போட்டது? வெளியால போகட்டும்.”

கடை வாசலில் நின்ற பலீல் சிரித்தான். ஷிஃபானின் தம்பி. கடைத்தெருவில் போன் கவர் விற்கிறவன். ஷட்டர் தூக்கிய நாளிலிருந்தே இந்த வாசலில் இரண்டாவது போன் கடை போட அவனுக்கு ஆசை.

“மதினி, இது பஞ்சர் ஒட்டுற வேல இல்ல. பெட்டரி, வயரு. ஏலாத வேலயத் தலயில போட்டுக்காதீங்க.”

பக்கத்து டீக்கடையில் இருந்த நாலு பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். உம்மு குல்தூமுக்கு முகம் சிவந்தது.

“கேட்டுக்கங்க தம்பி, எல்லாரும் கேட்டுக்கங்க. ஞாயித்துக்கிழம இந்தப் புள்ள ரிவர்ஸ்டன் ஏறுது. இந்த ஃப்ரேம்ல ஓர் ஓட்டை விழுந்தாலோ, கியர் வேல செய்யாம இது எறங்கித் தள்ளினாலோ, திங்கக்கிழம கடைச் சாவி ஒங்கட கைல.”

“அல்லாஹ்! நான் எப்ப சாவி கேட்டேன்?”

“பதினொரு வருஷமா மூஞ்சி கேக்குதே.”

டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். சொன்ன சொல்லை விழுங்க முடியாது. புதன்கிழமை அது.

பெட்டிக்குள் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. வாசித்துக் காட்டவா என்று கிருஷாந்தினி கேட்டாள். “படம் இருக்குதானே, எழுத்து எனக்கு என்னத்துக்கு?” என்றாள் உம்மு குல்தூம். இரண்டு நாள் படத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃப்ரேமில் தண்ணீர்ப் போத்தல் பூட்டுவதற்கென்று இரண்டு ஆணிக்குழி முன்பே இருந்தன. பெட்டரியை அங்கே போத்தலுக்கு அடியில் பூட்டினாள். வயரைக் கீழ்க்குழாயின் அடிவயிற்றோடு ஓடவிட்டாள். அங்கேதான் கல் தெறிக்கும், சேறு அடிக்கும். அதற்கும் வழி கண்டாள். பழைய டியூபை நீளப் பட்டியாக வெட்டி, குழாயையும் வயரையும் சேர்த்துக் கட்டுப் போடுகிற மாதிரிச் சுற்றினாள். பஞ்சர் ஒட்டுகிற பசையை ரப்பரும் ரப்பரும் சேரும் இடத்தில் மட்டும் தடவினாள். ஒரு சொட்டுப் பசையும் பெயின்டில் படவில்லை. மழையும் உள்ளே போகாது.

சனிக்கிழமை காலையில் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பொத்தானை அமுக்கினாள். ‘கிர்ர்க்’ என்று சங்கிலி ஏறியது. மறுபடி அமுக்கினாள், இறங்கியது. டீக்கடைக்காரர்கள் கை தட்டினார்கள். கிருஷாந்தினி சைக்கிளை எடுத்துக்கொண்டு ரத்தோட்டைப் பக்கம் பறந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் செத்திருந்தது.

“ஒரு குறுக்குச் சந்தில வளைச்சுத் திருப்பினனான் அக்கா. கியர் நிண்டிட்டுது. பொத்தான அமத்தினா ஒரு சத்தமும் இல்ல.”

பலீல் எங்கிருந்தோ வந்துவிட்டான். இந்த மாதிரி நேரத்துக்கு அவனுக்கு மூக்கு வேர்க்கும்.

“பெட்டரி போயிருக்கும் மதினி. இதுதான் நான் சொன்னது.”

“ஒங்க வாய்தான் போகணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

சொல்லிக்கொண்டே சைக்கிளைக் கையில் வாங்கினாள். பெட்டரி விளக்கு எரிந்தது. மோட்டார் உடையவில்லை. ஹேண்டிலருகே பார்த்தாள், வயரின் முனை சொக்கெட்டிலிருந்து கழன்று தொங்கியது. அட, இதுதானா! திரும்பச் செருகினாள், வேலை செய்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், ஓடியது, நிற்கவில்லை. பலீலின் முகம் வாடியது. கிருஷாந்தினி சைக்கிளை வாங்கக் கை நீட்டினாள்.

உம்மு குல்தூம் கொடுக்கவில்லை. கழன்றது ஏன் என்று தெரியாமல் கொடுத்தால் நாளைக்கு மலையில் கழலும். சைக்கிளின் முன்னே குந்தி ஹேண்டிலை மெல்ல இடது பக்கம் திருப்பினாள். ஒன்றுமில்லை. வலது பக்கம் திருப்பினாள். வயர் விறைத்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். முனை ‘டொக்’ என்று வெளியே வந்தது.

அவளுக்குத் தன் கையின் மேலேயே கோபம் வந்தது. பதினொரு வருஷமாக இந்தக் கை கேபிள் இழுத்தே பழகியது. பிரேக்கென்றாலும் கியரென்றாலும் இரும்புக் கேபிள் தொய்ந்தால் சைக்கிள் செத்தது, குறட்டால் பிடித்து விறைக்க இழுத்துப் பூட்டினால்தான் உயிர். வயரைக் கண்டதும் கையும் அதையே செய்திருக்கிறது. விறைக்க இழுத்து, மிச்ச நீளத்தையெல்லாம் கீழே பெடல் பக்கம் சுருட்டிக் கட்டிவிட்டது. வயருக்கு என்னத்துக்கு இழுவை? அது எதையும் இழுக்கவில்லையே. கரண்டு போக வழி இருந்தால் போதும்.

“ஆருக்கும் சொல்லிராத புள்ள,” என்றாள், டீக்கடை முழுக்கக் கேட்க. “ஒன்ட மெஷினுல பிழயில்ல, என்ட கைலதான் பிழ. புத்தி கெட்ட கை.”

“கண்டிக் கடைக்காரர் ஒருத்தரும் தங்கட பிழை எண்டு சொல்லமாட்டினம் அக்கா.”

“சொல்லாட்டி எப்படித் திருத்துறது?”

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தாள். சுற்றிய ரப்பரையெல்லாம் பிளேடால் கீறி எடுத்தாள். வயரைக் கீழிருந்து மேலே தள்ளி, ஹேண்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வளைவு தொங்கவிட்டாள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பினாள். வளைவு விரிந்தது, சுருங்கியது, முனை அசையவில்லை. ஐம்பது தரம் திருப்பினாள். பிறகு புதுப் பட்டி வெட்டி மறுபடி சுற்றினாள். வயர் தொய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க இழுத்து விடச் சொல்லிக் கை அரித்தது. இழுக்கவில்லை. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலீலே தன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். அவள் தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை போல. ரத்தோட்டை தாண்டி மலை ஏறுகிற பாதையில், கழுத்தை ஒடிக்கிற ஒரு வளைவில் ஆட்டோவை நிறுத்தினார்கள். போன வருஷம் கிருஷாந்தினி இறங்கித் தள்ளியது அங்கேதான். பனிமூட்டம் பாதையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

சைக்கிள்காரர்கள் வந்தார்கள். பெரிய பெரிய சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. இரண்டு பேர் வளைவிலேயே இறங்கினார்கள். ஒருத்தன் பாதையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவர்களுக்குப் பின்னால் கிருஷாந்தினி வந்தாள். வாய் திறந்திருந்தது, தோள் ஆடியது. சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. வளைவுக்குள் ஹேண்டிலை வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள்.

உம்மு குல்தூம் மூச்சை விடவில்லை.

கிருஷாந்தினியின் விரல் அசைந்தது. ‘கிர்ர்க்.’ சங்கிலி பெரிய பல்லுச் சக்கரத்துக்கு ஏறியது. மறுபடி ‘கிர்ர்க்.’ கால்கள் இலேசாகச் சுற்றத் தொடங்கின. வாந்தி எடுத்தவனைத் தாண்டி, தள்ளுகிறவர்களைத் தாண்டி, சைக்கிள் மேலே போனது.

“ஏறுது மதினி!” என்று பலீல் கத்தினான். யார் பக்கம் நிற்கிறோம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது.

“கண்ணு தெரியுது. ஆட்டோவ எடுங்க.”

“அப்ப… நாளக்கி?”

“நாளக்கி வாங்க. சாவிக்கு இல்ல. ஷட்டர் சிக்குது, தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேணும்.”

பலீல் தலையைச் சொறிந்துகொண்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கிருஷாந்தினி முன்பே வந்து சேர்ந்திருந்தாள், ஒரு தரமும் இறங்காமல். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் குனிந்து கீழ்க்குழாயில் சுற்றிய ரப்பரைத் தடவிப் பார்த்தார்கள்.

“ஓட்டை எங்க போட்டிருக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“தேடுங்க,” என்றாள் உம்மு குல்தூம். “கண்டுபிடிச்சா ஒங்களுக்குப் பிரியாணி.”

“யாரு செஞ்சது இத?”

“இந்தக் கைதான்.” கிரீஸ் போகாத பத்து விரலையும் அவர்கள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

கிருஷாந்தினிக்கு இறங்க மனமே இல்லை. அந்தச் சின்ன வெளியில் இடமும் வலமுமாக ஹேண்டிலை முட்டத் திருப்பி வட்டம் போட்டாள். வட்டத்துக்கு வட்டம் கியரை ஏற்றினாள், இறக்கினாள். கிர்ர்க், கிர்ர்க். அழுதுகொண்டே சிரித்தாள்.

“போதும் புள்ள!” என்று உம்மு குல்தூம் காற்றுக்கு மேலே கத்தினாள். “பெட்டரியத் தின்னுறாத! எறங்கிப் போகவும் கியர் வேணும்!”

கிருஷாந்தினி தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு இன்னொரு வட்டம் போட்டாள்.