அக்கா போட்ட பதில்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே அக்காதான். பிள்ளைகளுக்கு அக்கா, ஆசிரியர்களுக்கு அக்கா, அவளைவிட மூத்தவரான தலைமையாசிரியைக்கும் அக்கா. காலையில் கேட்டைத் திறப்பது, வகுப்பறைகளைக் கூட்டுவது, மணி அடிப்பது, மாலையில் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எதையும் ஏனோதானோ என்று செய்ய அவளுக்கு வராது. துடைப்பத்தை யாராவது மூலை மாற்றிச் சாத்தினால்கூட அன்று முழுக்க முணுமுணுப்பாள்.

கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, பழுதான கணினிகளைத் தானே பிரித்துச் சரிசெய்து, இன்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கணினித் திட்டப் பொறுப்பாளராக உட்கார்ந்திருந்தான். மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் டேப் வாங்கிக் கொடுத்தது அவன் திட்டம். அரசுக் காகிதத்தில் அதற்குக் கையடக்கக் கணினி என்று பெயர். அந்தப் பெயரை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் அக்காதான். தம்பி கொடுத்த பொருளைச் சுருக்கிக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

தம்பிக்குத் தலைமையாசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சிக்னல். காரணம், அவன் உருவாக்கிய மேப். மாவட்டத்து மேப்பில் ஒவ்வொரு பள்ளியும் ஒரு புள்ளி. பிள்ளைகள் அன்றன்றைக்கான கணக்குப் பயிற்சியை டேப்பில் செய்தால் புள்ளி பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு. புள்ளியைத் தொட்டால் எந்தப் பிள்ளை எதைச் சரியாக, எதைத் தப்பாகப் போட்டது என்றும் தெரியும். மாதக் கூட்டத்தில் சிவப்புப் பள்ளிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். திரையில் மேப் விழுந்ததும் எழுந்து நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் தம்பிக்குப் பெருமை அதிகம். யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை என்றும், ஒரு தடவை நின்றவர்கள் அடுத்த மாதமே பச்சைக்கு வந்துவிடுகிறார்கள் என்றும் வீட்டுக்கு வந்து சொன்னான். அக்கா பூரித்துப் போனாள். பேருந்து ஓட்டும் அவள் கணவர் மட்டும், "உன் தம்பி எங்க டிப்போ பக்கம் வந்துடாம பாத்துக்க. உக்காந்து ஓட்டற எங்களையும் நிக்க வெச்சிடுவான்" என்றார்.

முதல் மாதம் நின்றவர்களில் அக்காவின் தலைமையாசிரியையும் ஒருவர். அவர் மேல் தவறு என்று சொல்ல முடியாது. நெட் அலுவலக அறையைத் தாண்டி வராது. வகுப்பறைகளோ மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஒரு டேப் கீழே விழுந்து கண்ணாடி கீறியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லா டேப்பும் அலுவலகப் பீரோவுக்குள் போய்விட்டன. கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"ரிட்டயராகப் போற வயசுல பிள்ளைங்க மாதிரி எந்திரிச்சு நின்னேன் அக்கா. போகட்டும். இப்படி ஒவ்வொரு பள்ளிக்கூடமா சிவப்பாச்சுன்னா கடைசியில உங்க தம்பி பேருதான் கெடும்."

அவர் எந்த உள்நோக்கமும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாள் பிள்ளைகள் வருமுன் பீரோ சாவியைக் கேட்டு வாங்கினாள். தலைமையாசிரியை எதற்கு என்று கேட்கவில்லை.

டேப்பைத் தொட்டால் பிள்ளையின் படம் வரும், படத்தை அழுத்தினால் பயிற்சி வரும். முதல் நாள் எல்லாவற்றுக்கும் சரியான விடையைப் போட்டு முடித்தாள். அன்று மாலை அது அவளுக்கு உறுத்தியது. பொய் சொன்னது உறுத்தவில்லை. வேலை சுத்தமாக இல்லையே என்பதுதான் உறுத்தியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணும் பெண் எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருப்பாளா? யார் நம்புவார்கள்?

அடுத்த நாளிலிருந்து பிள்ளைக்குத் தகுந்த பதில் போட ஆரம்பித்தாள். வராந்தா கூட்டும்போது காதில் விழுந்ததை வைத்து யார் சூட்டிகை, யார் தடுமாறுவார்கள் என்று அவளாக ஒரு கணிப்பு வைத்திருந்தாள். அவசரக்காரப் பையனுக்கு முதல் இரண்டைத் தப்பாகப் போட்டாள். காய்ச்சலில் படுத்த பிள்ளையின் டேப்பை அன்று திறக்கவில்லை. விரல் விட்டு எண்ணும் பெண்ணுக்குப் பெருக்கல் வரை சரி, வகுத்தல் வந்தால் தப்பு.

வேறு சில பள்ளிகளும் இதே வேலையைச் செய்தன. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் விழுந்து அலுவலகம் சந்தேகப்பட்டது. அந்தப் பள்ளி உதவியாளர்கள் ஒவ்வொருவராக அக்காவுக்குப் போன் செய்தார்கள். அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கட்டின துணி என்றால் கொஞ்சம் அழுக்கு இருக்க வேண்டும், எல்லாவற்றையும் சரியாகப் போடாதீர்கள் என்பாள். தம்பியின் பேரைக் காப்பாற்ற இத்தனை பேர் சேர்ந்துவிட்டார்களே என்று உள்ளூரக் குளிர்ந்தும் போனாள். கேள்விப்பட்ட மற்ற பள்ளிகளும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு முடிவதற்குள் மேப் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பச்சை.

தம்பியின் திட்டத்தைப் பார்வையிட வெளி மாவட்டங்களிலிருந்து ஒரு குழு வருவதாக முடிவானது. அவர்களுக்குத் திருப்தி என்றால் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் போகும், தம்பிதான் அதற்குத் தலைமை. எந்தப் பள்ளியைக் காட்டுவது? மேப்பில் பிள்ளைகள் நிஜப் பிள்ளைகளாகத் தெரிகிற பள்ளியைத்தான். அதைச் சொல்ல அவனே வீட்டுக்கு ஓடி வந்தான்.

"உங்க பள்ளிக்கூடந்தான்க்கா. நம்ம பிள்ளைங்க தப்புப் போடறதுலகூட ஒரு அழகு இருக்குது."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபின் காபி போட எழுந்து போனாள்.

குழு வந்த அன்று தலைமையாசிரியை அலுவலகத்தை ஒட்டிய அறையில் வகுப்பை வைத்தார். முன்பெஞ்சுப் பிள்ளைகளுக்கு டேப்பைத் திறக்கவும் மூடவும் பழக்கியிருந்தார். அவர்கள் நன்றாகவே செய்தார்கள். குழுவின் தலைவியான அதிகாரி தலையசைத்துக்கொண்டே இருந்தார். அத்தோடு விட்டிருந்தால் தப்பியிருக்கும். தம்பிக்குத் தன் திட்டத்தின் மேல் அத்தனை நம்பிக்கை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி, தானே நடந்து போய்க் கடைசி பெஞ்சுப் பெண்ணின் கையில் டேப்பைக் கொடுத்தான்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதிகாரி குனிந்து, பயப்படாமல் செய் என்றார்.

"எனக்கு இது தெரியாது மிஸ். எங்களுக்கெல்லாம் அக்காதான் பதில் போடுவாங்க."

எந்த அக்கா, வீட்டில் இருக்கிற அக்காவா என்று அதிகாரி கேட்டார். பெண் கையை நீட்டினாள். வாசலில் அக்கா தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தாள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"இவங்க யாரு?" என்று அதிகாரி தம்பியைக் கேட்டார்.

"இங்க கூட்டிப் பெருக்கறவங்க, மேடம். டேப்புக்குச் சார்ஜ் போட்டு வைப்பாங்க. அதத்தான் பொண்ணு சொல்லுது."

தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. ஏதாவது சொன்னால்தான் அந்தச் சத்தம் அடங்கும் என்று அவளுக்குப் பட்டது.

"ஆமா சார்" என்றாள்.

அவன் பிறந்த நாளிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவனும் பார்க்கவில்லை. அதிகாரி அதற்கு மேல் கேட்காமல் குழுவோடு கிளம்பினார்.

வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். வழக்கமாகச் சிக்னல் விழுந்துவிட்டதா என்று கேலி செய்யும் கணவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

எப்போதிலிருந்து என்று தம்பி கேட்டான். ஆரம்பத்திலிருந்து என்றாள். எல்லாப் பிள்ளைகளுக்குமா என்று கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவன் கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ சந்தோஷமா இருந்தடா."

மற்ற பள்ளிகளைப் பற்றிக் கேட்டான். அவள் எதையும் மறைக்கவில்லை. யார் யார் போன் செய்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்கத் தம்பி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ இந்த மாவட்டத்துல என் திட்டத்த நடத்துனதே நீதானா?"

வெளியே கணவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்.

தம்பி சுவரைப் பார்த்துப் பேசினான். மறுநாள் மதியம் குழு கிளம்புகிறது, அதற்கு முன் மாவட்ட அலுவலகக் கூடத்தில் மேப்பை நேரடியாகத் திரையில் காட்ட வேண்டும். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் போட்டுடுக்கா. மத்தவங்ககிட்டயும் சொல்லு. அவங்க போனதுக்கப்புறம் மெதுவா எல்லாத்தையும் நான் சரி பண்ணிடறேன்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் அவள் சொன்னாள். அவன் சாப்பிடவில்லை.

அதுவரை அவள் தன்னைத் தேற்றிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. தம்பிக்கு எதுவும் தெரியாது, அவன் கை சுத்தம். இப்போது அதுவும் போய்விட்டது. கேட்காமல் அவள் செய்த வேலையை அவனே வந்து கேட்டுவிட்டான். அவனை அப்படிக் கேட்கிறவனாக ஆக்கியது யார்? பாத்திரம் கழுவும்போது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

காலையில் பீரோவைத் திறந்து முதல் டேப்பை எடுத்தாள். படம் வந்தது. அழுத்தப் போன விரல் நின்றது. கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வைத்தாள். தம்பிக்குப் போன் செய்தாள்.

"நான் போடலடா. மத்தவங்களையும் வேணாம்னு சொல்லப் போறேன். தெரியாம போய் நிக்காத, தெரிஞ்சுக்கிட்டே போ."

"அத்தன பேரு முன்னாடி என் மானம் போயிடும்க்கா."

"நேத்தே போயிடுச்சு. உனக்கும் எனக்கும்."

அவன் போனை வைத்துவிட்டான். மற்ற உதவியாளர்களைக் கூப்பிட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லிக் கொடுத்ததும் நீங்கள், நிறுத்தச் சொல்வதும் நீங்களா என்று ஒருத்தி பொரிந்து தள்ளினாள். "எங்க சாரு முன்வரிசையில நிப்பாரு. உங்க தம்பி நிப்பாரா?" என்று கேட்டாள். தப்பு என்னுடையதுதான் என்றாள் அக்கா.

கூடத்தில் நடந்ததை, அங்கே போயிருந்த தலைமையாசிரியை திரும்பி வந்து சொன்னார். மேப் திரையில் விழுந்தபோது ஒரு புள்ளிகூடப் பச்சை இல்லை. தம்பி முதலில் நெட் கோளாறு என்றுதான் சொன்னானாம். எல்லாப் பள்ளியிலும் ஒரே நேரத்திலா என்று அதிகாரி கேட்டாராம். அவன் திரையைக் காட்டி, கோளாறு இல்லை, இன்றைக்குத்தான் மேப் சரியாகக் காட்டுகிறது என்று சொன்னானாம். அதற்கு மேல் விளக்கம் கேட்டபோது தன்னைத் தவிர வேறு யாரையும் சொல்லவில்லையாம்.

"எங்கள ஒரு வார்த்தை சொல்லல அக்கா. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை" என்றார் தலைமையாசிரியை. அவள் முகத்தைப் பார்க்காமல் பீரோ சாவியைக் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

திட்டம் வேறெங்கும் போகவில்லை. தம்பியை அந்த நாற்காலியில் வைத்திருப்பதா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆசிரியர்கள் வருமுன் கூட்டி முடித்துவிட்டு மணி தொங்கும் பக்கம் ஒதுங்கிக்கொள்ளப் பழகினாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அக்கா என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் திடுக்கிட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் தம்பி வந்தான். இந்த முறை செருப்பைக் கழற்றினான். சமையலறையில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவள் போட்டதைச் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் தலை நிமிராமல் சொன்னான்.

"அன்னிக்கு நீ யாருன்னு அவங்ககிட்ட நான் சொல்லல."

"சொல்லாததே நல்லது. கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் கேட்டான். "கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு இருந்துச்சே. அது கணக்குல எப்படி? மேப்புல பாத்தா வகுத்தல்லதான் தடுமாறுச்சு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கெப்படிடா தெரியும்? அவளுக்கும் சேத்து நான்தான தப்புப் போட்டேன். அவளுக்கு என்ன வரும், என்ன வராதுன்னு இந்தப் பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கே உறைத்தது. ஒரு வருடமாக அந்தப் பிள்ளை என்ன கற்றது என்று கேட்க யாருமே இல்லாமல் செய்துவிட்டாள்.

தம்பி கையைக் கழுவிவிட்டு வந்தான். "நாளைக்கு வர்றேன். அந்தப் பொண்ணையே போடச் சொல்லிப் பாப்போம். நெட்டு அந்தப் பக்கம் வர என்ன செய்யலாம்னும் பாக்கறேன். வேலையில இருக்கற வரைக்கும் செய்யலாம்ல?"

"வா. ஆனா எங்க பெரிய டீச்சர் மூஞ்சில எப்படி முழிப்ப?"

"நீ எப்படி முழிக்கறியோ, அப்படித்தான்" என்றான் தம்பி.