கேமராவுக்கு முன்னால் திருந்தியவர்

எங்கள் பனியன் கம்பெனியில் ஒருவர் திருந்த வேண்டுமென்றால், அதற்கும் வெளிநாட்டிலிருந்துதான் ஆர்டர் வர வேண்டும். வெப்கேமராவை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்த காலம் அது.

எங்கள் லைன் சூப்பர்வைசர் தைத்த பீஸைப் பார்க்கிற சாக்கில் என்னைப் போன்ற டெய்லர் பெண்களின் இடுப்பைத் தொடுவார். முதலாளியிடம் சொன்னால் எனக்குத்தான் புத்திமதி கிடைக்கும் என்று தெரியும். அதனால், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தொழிலாளர் வசதிகளை ஆடிட் செய்ய வந்த அதிகாரி அம்மாவிடமே போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசருக்கு மனநல ஆலோசனை கொடுக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வந்தது. தப்பு செய்கிறவர்கள் ஏன் செய்கிறார்கள் என்று ஜெயில்களுக்குப் போய் ஆராய்ந்து வைத்திருக்கிறார்களாம். அதைப் படித்த மனநல ஆலோசகர் ஒருவர் சென்னையில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் அவரிடம் பேசுவாராம். அந்த ஆலோசகர் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் சூப்பர்வைசர் லைனுக்குத் திரும்பலாம். அதுவரை அவருக்குக் குடோன், எனக்கு நிம்மதி.

ஆடிட் என்றால் என்ன பதில் சொல்வது என்று ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். மேனேஜர் இதையும் ஆடிட் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். சூப்பர்வைசருக்குத் தினமும் அவரே ஒத்திகை நடத்தினார்.

"தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. வருத்தம் கேமராவுல தெரியோணுமல்லங்க?"

பேச்சு நடந்த அன்று மேனேஜர் என்னையும் கேமராவில் படாத மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். "மேடம் கேட்டா, எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லீரு கண்ணு."

மேடம் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணைத் தொடறதுக்கு முன்னாடி உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடிக்கத் தண்ணி வசதி இருக்குதுங்க மேடம். ஓவர்டைமுக்கு டபுள் சம்பளமுங்க. பாத்ரூம் சுத்தமா இருக்குதுங்க."

வருஷக்கணக்கில் ஆடிட்டருக்கு ஒப்பித்த வாய், வேறென்ன சொல்லும்? சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

"சரி. அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?"

இதற்கு ஒத்திகை நடக்கவில்லை. சூப்பர்வைசர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு என்னங்க சொல்றது?"

மேனேஜர் அவசரமாக என் பக்கம் கையைக் காட்டினார். "நீ சொல்லு கண்ணு, சொல்லு."

ஸ்டூலைக் கேமராவுக்கு நேராக இழுத்துப் போட்டேன். பயமில்லை, ஆத்திரம்.

"ஓவர்லாக் தையல் மிஷின் ஓடுறப்ப கையை உதறித் திரும்புனா, துணியோட விரலும் போயிரும் மேடம். நான் அசைய முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அந்த நேரம் பாத்துத்தான் வருவாரு. சும்மா உக்காந்திருக்கயில ஒரு நாள்கூடத் தொட்டதில்ல."

மேடம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து கடைசிவரை வரவே இல்லை.

சூப்பர்வைசர் தலை குனிந்திருந்தார். இந்த முறை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.