குனிந்தால் குறைந்த வலி

குறுவை நடவின்போது என் மனைவிக்கு நெஞ்சு வலித்தது. படுத்தால் வலி, மூச்சை இழுத்தால் வலி. வயலில் குனிந்து நாற்று நடும்போது மட்டும் குறைந்தது. அதனால் நாங்கள் யாரும் அதை மதிக்கவில்லை. வேலை செய்தால் விடுகிற வலி எங்கள் ஊரில் வாய்வு. பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னேன்.

கூட நட்டவள் ஒருத்தி வரப்புவரை கேட்கும்படி கத்தினாள். "என்னக்கா, மாமா பக்கத்துல படுத்தாதான் நெஞ்சு வலிக்குதாமே?"

"நீ வேணா ஒரு நாளு வந்து படுத்துப் பாருடி" என்றாள் இவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முட்டாள்.

பத்து நாளில் கால் வீங்கியது. மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு காலையில் சோற்றுப் பானையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கித் தரையில் சாய்ந்தாள். தஞ்சாவூருக்கு அள்ளிக்கொண்டு ஓடினேன்.

இதயத்தைச் சுற்றியுள்ள உறை புண்ணாகி வீங்கி, உள்ளே நீர் கோத்து இதயத்தை அமுக்குகிறது என்றார் டாக்டர். முன்னால் குனிந்தால் அந்த வலி குறையுமாம்.

"வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வரலாம். மாரடைப்புக்கு அப்புறம் வரலாம். கிட்னி கெட்டாலும் வரும். நம்ம பக்கம் டிபியால நிறைய வருது. வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?"

"இல்லீங்க."

எனக்கு இருந்தது. ஆறு மாதம் தின்ன வேண்டிய மாத்திரையை, இருமல் நின்றதும் தை அறுவடையில் நிறுத்திவிட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். டிபி வீடு என்று பேர் வந்தால் எவன் வருவான்? விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். கட்டிலில் குனிந்து உட்கார்ந்தபடி என்னையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். மறுநாள் மறுபடி கோத்தது. பயந்துபோய் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அன்றே டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் மதியம் செத்துப்போனாள்.

முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன்.

"தெரியலங்க" என்றார் டாக்டர். "உங்களையும் மகளையும் பரிசோதிக்கணும். கூட்டிட்டு வாங்க."

கருமாதி முடிந்ததும் மகளைக் கிளம்பச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குப்பா?"

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் உட்பட. அவள் அழவில்லை. "நீங்க பொய் சொன்னப்ப அம்மா முழிச்சுக்கிட்டு இருந்தாங்களா?" என்றாள்.

"இருந்தா."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சோறு போடுகிறாள், மறுபடி ஆரம்பித்த டிபி மாத்திரையை எடுத்து வைக்கிறாள். தட்டுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அடுத்த கேள்வி வரும் என்று காத்திருக்கிறேன்.