நகம் எடுக்கப் போன பூனை

ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டோடு ஒரு பூனையும் வந்தது. முன்பிருந்தவர்கள் விட்டுப்போன சாம்பல்நிறக் கிழப்பூனை. யாரையும் அண்டவிடாத அது அப்பாவை மட்டும் விடாது. அவர் கதிரையில் இருந்தால் மடியில் ஏறும். இறக்கிவிடப் பார்த்தால் பிறாண்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். அதற்கென்று இடக்கையில் வெட்டி ஒரு நரம்பைப் புடைக்க வைத்திருந்தார்கள். பூனை ஒருநாள் அந்தக் கையிலேயே கீறிவிட்டது. கிருமி ஏறி, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் தப்புவது கடினம் என்று டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காக வந்தது என் வாயில் மட்டும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பூனையின் நக நுனியை வெட்டிப் பார்த்தோம். நகம் திரும்ப வளர்ந்தது. ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று அம்மாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்த அன்ரி சொன்னதை நம்பி, பூனையை அட்டைப்பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் மூவரும் போனோம். அவர் என் விரலைப் பிடித்து நுனி மூட்டைத் தொட்டுக் காட்டினார். நகத்தோடு இந்த எலும்பும் போகும். இந்த வயதுப் பூனை பிறகு வலியோடுதான் நடக்கும். நான் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

“செய்யச் சொல்லு,” என்றார் அம்மா. “எனக்கு இந்த மனுசன் வேணும்.”

அப்பா தலையை ஆட்டினார். “வேண்டாம். என்னை வெட்டினது போதும். அதையாவது விடுங்கோ.”

“அப்ப என்னப்பா செய்யிறது?” என்று அம்மா கேட்டார்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

தெரிந்த எல்லோரையும் கேட்டோம். பிறாண்டுகிற கிழப்பூனை யாருக்கு வேண்டும்? அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் அதைப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் படிவத்தைத் தந்து, வளர்க்க யாரும் வராவிட்டால் தூங்க வைத்துவிடுவோம், அம்மாவுக்கு அது விளங்குகிறதா என்று கேட்டாள். கொல்வதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

“ஒருத்தரும் எடுக்காட்டி நித்திரையாக்குவினமாம், அம்மா.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஓமெண்டு சொல்லு,” என்று பேனையை எடுத்தார். அப்பா இன்னும் ஏழு மாதம்தான் இருப்பார் என்றோ, அவரைக் கொண்டுபோகப்போவது நகம் அல்ல, இதயம் என்றோ அம்மாவுக்கு யார் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “என்ன சொன்னவை?”

அதே வசனத்தைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் தமிழ்தான் விளங்கவில்லை என்று நினைத்தேன். அருகில் போய், இன்னும் தெளிவாக, திரும்பவும் சொன்னேன்.