ஃபெலிஸ் மட்டும் போதும்

குழந்தை மதுமதி வாந்தி எடுத்த இடத்தில் மேனேஜர் தீனதயாளன் ரூம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். மல்லிகை வாசனை. அதைப் பார்த்து நின்ற வேல்விழிக்கு இப்போது குமட்டியது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனி, தன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு காப்பகம் நடத்துகிறது. சரக்கு வாங்க ஸ்பெயினிலிருந்து வரும் பையர்களிடம் பிள்ளைகளைப் பேசவைக்க, வேல்விழி அங்கே ஸ்பானிஷ் டீச்சர். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். பதினைந்து வயதில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்தவள், தபாலில் பட்டம் வாங்கி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஸ்பெயின்காரர்களோடு ஒன்பது வருடம் போனில் மல்லுக்கட்டியே அந்த மொழியைப் பிடித்தாள். கணவன் இறந்த பிறகு அவளும் மகளும் சாப்பிடுவது இந்த வேலையால்தான்.

பிள்ளைகளுக்கு முதலில் ஓலா, அதாவது வணக்கம். பெரியவர்களிடம் அதை மொட்டையாகச் சொல்ல அந்த வாய்களுக்கு வரவில்லை. "ஓலாங்க டீச்சர்! மே யாமோ மதுமதிங்க!" மே யாமோ என்றால் என் பெயர். அந்த 'ங்க'வை வேல்விழி திருத்தவில்லை. பிறகு, த்ரிஸ்தே என்றால் வருத்தம், கன்சாதா என்றால் களைப்பு, என்ஃபெர்மா என்றால் உடம்புக்கு முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வரைந்து சுவரில் ஒட்டினாள்.

போன வாரம் தீனதயாளன் அவற்றைக் கிழித்தெடுத்தார்.

"ஏனுங்க டீச்சர், பையரம்மா வர்றாங்க. எப்படி இருக்கேன்னு கொழந்தைங்களக் கேப்பாங்க. ஃபெலிஸ் மட்டும் போதுங்க. சந்தோசம். மத்ததெல்லாம் எதுக்குங்க?"

எந்தக் கேவலத்தையும் அவர் மரியாதை குறையாமல்தான் சொல்வார். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பு. இன்று, ஸ்ப்ரே அடித்து முடித்தவரிடம் சொன்னாள்:

"சார், மேல தையல் லைன்ல இருந்து இவ அம்மா கலைமகளக் கூப்பிடுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது."

"பையர் போவட்டுங்க. லைன்ல ஒரு மிஷின் காலியாக் கெடந்தா நல்லாவாங்க இருக்கும்?" என்றவர், மதுமதியின் கன்னத்தைத் தட்டினார். "கண்ணு, சிரிச்ச மொகமா இருக்கோணும்." பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு பையர் மார்த்தா வந்தாள். மதுமதியின் முன் மண்டியிட்டு, "கோமோ எஸ்தாஸ்?" என்றாள். எப்படி இருக்கிறாய்?

"எஸ்தோய் ஃபெலிஸுங்க."

உதடு நடுங்கியது. கண்ணீர் தாடைவரை வழிந்தது. சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அழுதது அந்தப் பிஞ்சு!

சொல்லிக்கொடுத்த பாவி நான்தானே! வேல்விழிக்குத் தன் வாயே நாறியது. வேலை போய்விடுமே என்று நினைப்பதற்குள் ஸ்பானிஷில் சொல்லிவிட்டாள்: குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. அம்மா மேலே தைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போகும்வரை அவளை விடமாட்டார்கள்.

மார்த்தா எழுந்து, இது உண்மையா என்று அதே மொழியில் தீனதயாளனைக் கேட்டாள். அவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. பையர் எதைக் கேட்டாலும் ஆமாம் போட ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பல்லெல்லாம் தெரிய, "சீ! சீ, சீ!" என்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வேல்விழி சிரிக்கவில்லை. தமிழில் அவள் தேடிக்கொண்டிருந்ததும் அந்தச் சொல்தான்.

மார்த்தா ஆளனுப்பிக் கூப்பிட, ஐந்தே நிமிடத்தில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கலைமகள் ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டாள்.

மார்த்தாவின் கார் கிளம்பியதும் தீனதயாளன் கேட்டார்: "அவங்ககிட்ட என்னங்க சொன்னீங்க?"

"நடந்ததச் சொன்னேன். நீங்கதான சார் ஆமான்னீங்க?"

அவர் முகம் செத்துவிட்டது. "நாளையிலிருந்து வர வேண்டாங்க."

வேல்விழி பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் கலைமகளின் பக்கத்தில் ஏறினாள். உதட்டைக் கடித்து விம்மலை அடக்கிக்கொண்டிருந்த மதுமதியின் தலையைத் தடவினாள்.

"வாய்விட்டு அழு தங்கம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."