கிமோசோப்பின் நெஞ்சுத்துடிப்பு

ஓட்டக்காரர்கள் நிறைந்த மலையூரான ஈட்டனில் நெஞ்சுத்துடிப்பு முப்பத்தெட்டு என்றால் மரியாதை. உறங்கும்போது நிமிடத்துக்கு முப்பத்தெட்டே முறை துடிப்பது மலையில் ஓடி ஓடிப் பழகிய நெஞ்சு. ஒரு ஓட்டக்காரனுக்கு அறுபதைத் தாண்டிக் காட்டினால் கடிகாரம் பழுது என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். மற்ற ஊர்களில் அதுதான் நல்ல ஆரோக்கியம் என்பது இங்கே யாருக்கும் உறைப்பதில்லை.

ஜெமெலியின் கணவன் கிமோசோப், கல்யாணமான கையோடு ஜப்பானில் ஒரு கம்பெனி அணிக்காக ஓடப் போனவன். மூன்று வருடமாயிற்று. தன் கைக்கடிகாரத்தில் பதிவாகும் துடிப்பு அவள் போனிலும் தெரியும்படி செய்துவிட்டுப் போயிருந்தான். காசு அனுப்பும் புருஷன்கள் நிறைய உண்டு, நெஞ்சுத்துடிப்பை அனுப்புகிறவன் இவன் ஒருவன்தான் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி பேசினார்கள். ஜெமெலிக்கு அது பெருமையாகவே இருந்தது.

மாலையில் பால் கறந்துவிட்டு அவள் உட்காரும்போது அங்கே நடுநிசி. போனைத் திறந்து அவன் உறங்குவதைப் பார்ப்பாள். பார்ப்பதற்கு ஒரு எண்தான் இருக்கும். அவன் மார்பில் காதை வைத்துப் படுக்க வேண்டும் என்று ஏங்குவாள். அவன் எப்போது வருவான் என்று கேட்டால், அடுத்த பந்தயம் முடியட்டும் என்பான்.

மழை விட்டதிலிருந்து அந்த எண் ஏறத் தொடங்கியது. ஐம்பதாகி, ஐம்பத்தைந்தாகி, அறுபத்து நான்கில் வந்து நின்றது. பயந்துபோய், ஊர் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்கு எதிரே பழைய கடிகாரமும் ஷூவும் விற்கும் யாட்டோரிடம் காட்டினாள். அவன் தலையை நிமிர்த்தாமலே கடிகாரம்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றான். வாரைக் கொஞ்சம் இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே கட்டச் சொன்னான். அடிப்பக்கக் கண்ணாடியில் வியர்வைப் பிசுக்கு இருந்தால் துடைக்க வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் மறுகையில் கட்டிப் பார்க்க வேண்டும் என்றான்.

அவள் ஒவ்வொன்றையும் கிமோசோப்பிடம் சொன்னாள். செய்தேன், செய்தேன் என்று அவனும் சட்டென்று ஒத்துக்கொண்டான். எண் இறங்கவில்லை. ஓடும்போது கட்டிக்கொள்ளக் கம்பெனி வேறு கடிகாரம் கொடுத்திருக்கிறதாம், அதனால் அவன் ஓடுவது எதுவும் இவள் போனுக்கு வராது. ஷூ கயிற்றை மாற்றிக் கட்டச் சொன்னாலே அரை நாள் வாதாடுகிறவன், இப்போது எதற்கெடுத்தாலும் சரி சரி என்றான். அவளுக்கு உறுத்தியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் போனில் அவன் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"கடிகாரத்தக் கழட்டி வை. கழுத்துல ரெண்டு விரல வச்சு எண்ணு. நான் நேரம் பாக்குறேன்."

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"எண்ணு. சத்தமா."

ஒன்றாகப் பயிற்சி எடுத்த நாட்களில் இருவரும் அப்படித்தான் எண்ணுவார்கள். அவன் எண்ணினான். நாற்பதைத் தாண்டும்போது குரல் இறங்கியது. ஐம்பதில் நிறுத்திவிட்டான். நிமிடம் இன்னும் முடியவில்லை.

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு, ஜெமெலி. நான்தான் ஓடல."

குதிகால் நரம்பு அறுந்துவிட்டது என்றான். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை கம்பெனி கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். எந்த முகத்தோடு ஊருக்கு வருவது, நொண்டிக்கொண்டு மைதானத்தைக் கடந்து எப்படிப் போவது என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்காக அழ வேண்டும் என்று ஜெமெலிக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. இனி எந்தப் பந்தயமும் அவனைப் பிடித்து வைக்க முடியாது என்பதுதான் மனசு முழுக்க நின்றது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"என்மேல கோவமா?" என்றான்.

"இல்ல. சந்தோஷமா இருக்கு. அதுக்காக என்னை மன்னிச்சிரு," என்றாள். "வீட்டுக்கு வா."